கேமரா வீடியோ டிவியில் ஓடவில்லை: புது டிவி வாங்க வேண்டுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. கையில் நல்ல கேமரா இருக்கிறது, சுவரில் பெரிய டிவி இருக்கிறது, இரண்டும் பேசிக்கொள்ள மறுக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன்.

கேள்வி: மிரர்லெஸ் கேமராவில் மகளின் பள்ளி விழாவை முழுக்க எடுத்தேன். பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால் "இந்தக் கோப்பை இயக்க முடியவில்லை" என்கிறது. என் செல்போனில் எடுத்ததும் இதே எம்பி4 கோப்புதான், அது மட்டும் நன்றாக ஓடுகிறது. கடையில் கேட்டால், "டிவி பழசாயிடுச்சு, மாத்திடுங்க" என்கிறார்கள். மாற்றினால் ஓடுமா?

மாற்றிய பிறகும் ஓடாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. பணத்தை எடுத்து வைத்திருந்தால் உள்ளே வையுங்கள்.

எம்பி4 என்பது டப்பாவின் பெயர். சமையலறையில் ஒரே மாதிரி இரண்டு டப்பா இருக்கும், ஒன்றில் உப்பு, ஒன்றில் சர்க்கரை. மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீடியோவிலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் படத்தை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அதைத்தான் கோடெக் என்கிறார்கள். இன்று பெரும்பாலும் இரண்டுதான் புழக்கத்தில் இருக்கின்றன: 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265. இரண்டாவதை எச்இவிசி என்றும் சொல்வார்கள். கிட்டத்தட்ட பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும், ஆனால் பழைய டிவிகளுக்கு அது தெரியாது.

இங்கேதான் கடைக்காரர் நின்றுவிடுகிறார். உங்கள் பிரச்சினை இன்னும் ஒரு படி உள்ளே இருக்கலாம். டிவியில் வீடியோவைப் பிரிக்கும் வேலையை ஒரு சிறிய சிப் செய்கிறது. ஒளிபரப்பிலும் இணையத்திலும் வருகிற வகையைப் பிரிக்கத்தான் அது செய்யப்பட்டது. அந்த வகையின் பெயர் 4:2:0. அதாவது வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதுவார்கள், நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒருமுறை மட்டும் எழுதுவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. செல்போனும் வழக்கமாக இப்படித்தான் எழுதுகிறது. ஆனால் உங்களுடையது போன்ற கேமராக்களில், பிறகு கணினியில் நிறத்தைத் திருத்துபவர்களுக்காக 4:2:2, 10 பிட் என்று ஒரு தேர்வு இருக்கும். 4:2:2 என்றால் இரண்டு புள்ளிக்கு ஒருமுறை நிறம், 10 பிட் என்றால் வழக்கமான 8 பிட்டைவிடக் கூடுதல் நிறச் சாயல்கள். "உயர்ந்த தரம்" என்று நினைத்து அதை வைத்துவிட்டால், புத்தம்புது டிவி கூடக் கையை விரித்துவிடும்.

ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். கணினியில் விஎல்சி பிளேயரில் அந்தக் கோப்பை ஓட விட்டு, கண்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்துங்கள். ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். முதல் பகுதியில் கோடெக்கின் பெயர் இருக்கும், அதற்குக் கீழே 4:2:0 அல்லது 4:2:2 என்றும், 10 பிட் என்றால் அதுவும் எழுதியிருக்கும். செல்போன் கோப்பையும் அதே மாதிரி திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது வேறுபடுகிறதோ அதுதான் குற்றவாளி.

இனிமேல் எடுக்கப்போவதற்கு வழி எளிது. கேமரா மெனுவில் 8 பிட், 4:2:0, எச்.264 என்று வையுங்கள். வீட்டு விசேஷத்துக்கு அது தாராளம். ஏற்கெனவே எடுத்ததற்கு இரண்டு வழி: கேமராவையே டிவியோடு இணைப்பது, அல்லது கோப்பை மாற்றுவது. இரண்டுமே கீழே வருகின்றன.

டிவி உண்மையிலேயே மாற்றும் வயதுக்கு வந்துவிட்டது என்றால் ஒன்று செய்யுங்கள். உங்கள் கேமராவில் நீங்கள் வழக்கமாக வைக்கும் அமைப்பில் ஒரு நிமிட வீடியோ எடுத்து, பென்டிரைவில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். அதே மாடலில் செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். "எல்லாமே ஓடும் சார்" என்கிற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: கேமராவை நேரடியாக டிவியில் இணைக்க எந்தக் கேபிள் வாங்குவது? கேமராவில் இருக்கும் ஓட்டை மிகவும் சின்னதாக இருக்கிறது.

என்னைக் கேட்டால், வருடத்துக்கு நாலைந்து தடவை குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கோப்பைப் பிரிக்கும் வேலையைக் கேமராவே செய்துவிடுகிறது. டிவிக்கு வெறும் படமும் ஒலியும்தான் போகிறது, கோடெக் சண்டையே இல்லை.

வாங்க வேண்டியது படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள். அதன் முனை மூன்று அளவில் வரும். டிவியில் இருப்பது பெரியது. கேமராவில் மினி இருக்கலாம், அது சுமார் 10 மில்லிமீட்டர் அகலம். மைக்ரோ இருக்கலாம், அது சுமார் 6 மில்லிமீட்டர். விலை கூடிய சில கேமராக்களில் பெரியதே இருக்கும். ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். மைக்ரோ எச்டிஎம்ஐயும் பழைய செல்போன் சார்ஜர் முனையும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், தப்பாகச் செருகி அமுக்காதீர்கள். இரண்டு மீட்டர் நீளம் போதும். தங்க முலாம், விசேஷப் பின்னல் என்று சொல்லி விலையை ஏற்றினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கேமராவின் யுஎஸ்பி-சி வழியாகப் படம் வரும் என்று நம்பிக் கேபிள் வாங்கவும் வேண்டாம். பெரும்பாலான கேமராக்களில் வராது.

இரண்டு எச்சரிக்கை. தானாக அணைந்துவிடும் நேரத்தை மெனுவில் நீட்டி வையுங்கள், இல்லையென்றால் நல்ல கட்டத்தில் திரை கறுத்துப் போகும். இன்னொன்று சொந்த அனுபவம். கேபிளை அறையின் குறுக்கே தொங்க விட்டிருந்தேன், யாரோ காலில் இடற, கேமரா மேசையிலிருந்து விழவில்லை, ஆனால் அந்த மைக்ரோ ஓட்டை உள்ளே ஆடிப்போனது. பழுது பார்க்கக் கேட்ட தொகையில் இன்னும் பத்து கேபிள் வாங்கியிருக்கலாம். கேபிளைத் தரையோடு ஓட்டிவிட்டு, கேமராவை டிவிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

அப்புறம், கணினியில் வெட்டி ஒட்டிய வீடியோவைத் திரும்பக் கார்டில் போட்டால் கேமரா பெரும்பாலும் கண்டுகொள்ளாது. தான் எழுதியதை மட்டும்தான் அது படிக்கும்.

கேள்வி: படம் அழகாக வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. கேமராவில் ஹெட்போன் போட்டால் கேட்கிறது.

டப்பாவுக்குள் படம் ஒரு பொட்டலம், ஒலி இன்னொரு பொட்டலம். உங்கள் கேமரா ஒலியைச் சுருக்காமல் எல்பிசிஎம் என்ற வகையில் எழுதுகிறது. தரத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் எம்பி4, எம்ஓவி கோப்புக்குள் அதைப் பல டிவிகள் எதிர்பார்ப்பதில்லை. மேலே சொன்ன விஎல்சி ஜன்னலில் ஒலிப் பகுதி பிசிஎம் என்று தொடங்கினால் இதுதான் விஷயம்.

முதலில் கேமரா மெனுவைப் பாருங்கள், சில மாடல்களில் ஒலியை ஏஏசி என்ற சுருக்கும் முறைக்கு மாற்ற முடியும். எடுத்து முடித்தவற்றுக்கு அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். படத்துக்கு "காப்பி", ஒலிக்கு "ஏஏசி", வெளியே வரும் டப்பாவுக்கு எம்பி4 என்று வைத்துச் சேமியுங்கள். படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றுவதால் சீக்கிரம் முடியும், படத்தின் தரமும் அப்படியே இருக்கும்.

கேள்வி: 128 ஜிபி பென்டிரைவ் வாங்கினேன், டிவி அதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது. பழைய 16 ஜிபி மட்டும் தெரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. 32 ஜிபி வரை உள்ள பென்டிரைவும் எஸ்டி கார்டும் வழக்கமாக, கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட்32 என்ற முறையில் வரும், அதற்கு மேல் உள்ளவை எக்ஸ்ஃபேட். பழைய டிவிகளில் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. கையேட்டில் என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறை ஓடும் என்று எழுதியிருந்தால் கணினியில் அந்த முறைக்கு ஃபார்மட் செய்து பாருங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீளமான நிகழ்ச்சியைக் கேமரா துண்டு துண்டாகச் சேமித்திருப்பதற்கும் பல சமயம் காரணம் இதுதான். டிவியில் ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் ஒரு நொடி கறுப்பு வரும். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் ஒட்டிய பெரிய கோப்பு ஃபேட்32 பென்டிரைவில் ஏறாது.

இன்னொன்றை எல்லோருக்குமாகச் சொல்கிறேன். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதி உள்ள டிவிகள், புதிதாக எதைச் செருகினாலும் "பதிவுக்காக இதை ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கக்கூடும். ரிமோட் குழந்தை கையில் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. கேமராவின் கார்டை நேராக டிவியில் போடவே போடாதீர்கள், எப்போதும் நகலைப் போடுங்கள். வேறு வழியில்லை என்றால் கார்டின் ஓரத்தில் உள்ள குட்டித் தாழ்ப்பாளைப் பூட்டும் பக்கம் தள்ளிவிட்டாவது போடுங்கள்.

கேள்வி: டிவியில் போட்டால் எல்லாம் வெளுத்துப் போய், பழைய துணி மாதிரி தெரிகிறது. டிவி கோளாறா?

கேமராவில் "லாக்" என்று தொடங்கும் அல்லது முடியும் நிற அமைப்பு ஏதாவது வைத்திருக்கிறீர்களா? அது பிறகு நிறம் திருத்துவதற்காக. திருத்தாமல் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். சாதாரண அமைப்புக்கு மாற்றுங்கள்.

கேள்வி: கோப்பை மாற்றித் தரும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன, பணம் கட்டியும் வாங்கச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பணம் கட்ட வேண்டாம். ஹேண்ட்பிரேக் இலவசம். "இலவசம்" என்று இறக்கச் சொல்லிவிட்டு, மாற்றிய வீடியோவின் நடுவில் தன் பெயரை முத்திரை குத்தி, அதை எடுக்கப் பணம் கேட்கும் மென்பொருள்களைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். திறந்ததும் அதில் தயாராக இருக்கும் அமைப்பு நொடிக்கு 30 படம் என்ற உச்சவரம்போடு வருகிறது. உங்கள் கேமரா 50 அல்லது 60 படம் எடுத்திருந்தால், ஓடும் குழந்தை தத்தித் தத்தி ஓடும். வீடியோ பகுதிக்குப் போய், மூலக் கோப்பில் உள்ள அதே வேகம் என்று மாற்றுங்கள். கோடெக் எச்.264, தரத்துக்கான எண் 20, ஒலி ஏஏசி. இவ்வளவுதான். தரத்துக்கான எண்ணைக் குறைத்தால் படம் தெளியும், கோப்பு வீங்கும்.

சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி வகைக் கேமரா வைத்திருப்பவர்களின் எம்டிஎஸ் கோப்புகள் பலவற்றில் ஒற்றை வரி, இரட்டை வரி என்று படம் பிரித்து எழுதப்பட்டிருக்கும். கையை ஆட்டும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் "டிஇன்டர்லேஸ்" என்ற வடிகட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டில் இந்தக் கோப்புகளைத் தேடிக் கிடைக்கவில்லை என்று எழுதுபவர்கள் "பிரைவேட்" என்ற கோப்புறைக்குள் போய், ஏவிசிஎச்டி, பிடிஎம்வி, ஸ்ட்ரீம் என்று ஒவ்வொன்றாகத் திறங்கள். ஆகக் கடைசியில் உட்கார்ந்திருக்கும்.

மாற்றி முடித்ததும் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் தேயும். அடுத்த டிவிக்கு வேறு மாதிரி தேவைப்பட்டால் மூலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேள்வி: டிவியில் செருகும் ஸ்டிக் வாங்கினால் எல்லா வீடியோவும் ஓடுமா? அல்லது கணினியிலிருந்து வைஃபை வழியாக அனுப்புவது நல்லதா?

ஸ்டிக்குக்குள் இருப்பதும் டிவியில் இருப்பது போன்ற சிப்தான். 4:2:0 வரை நன்றாக ஓட்டும், எச்.265 தெரியாத டிவிக்கு அதைக் கற்றுக் கொடுக்கும். 4:2:2 என்றால் அதுவும் திணறும். அதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

வைஃபையில் ஒரு வேடிக்கை உண்டு. 4கே வீடியோவைப் பல கேமராக்கள் நொடிக்கு 100 மெகாபிட் என்ற கணக்கில் எழுதுகின்றன. நிறைய டிவிகளின் பின்னால் இருக்கும் நெட்வொர்க் கேபிள் ஓட்டையின் வேகமும் அதே 100 மெகாபிட்தான். "கேபிள்தானே வேகம்" என்று வயரை இழுத்து மாட்டினால் படம் நின்று நின்று போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அதே கோப்பு ஒழுங்காக ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

அலமாரியில் தூங்கும் பழைய லேப்டாப் ஒன்று இருந்தால் அதை எச்டிஎம்ஐயில் டிவியோடு இணைத்து விஎல்சியில் ஓட்டிப் பாருங்கள். டிவி மறுக்கும் கோப்புகளில் ஏறக்குறைய எல்லாமே அதில் ஓடும். மிகப் பழைய லேப்டாப்பாக இருந்து 4கே கோப்பு திக்கினால், அப்போது ஸ்டிக்கைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: நிற்க வைத்து எடுத்த வீடியோ டிவியில் படுத்துக்கொண்டு வருகிறது.

"இதைத் திருப்பிக் காட்டு" என்று கோப்புக்குள் ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது, உங்கள் டிவி அதைப் படிப்பதில்லை. ஹேண்ட்பிரேக்கில் ஒருமுறை மாற்றி எடுங்கள், நிமிர்ந்துவிடும். அதுவரை தலையைச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும்.