மஞ்சளாவது வேறு, நொறுங்குவது வேறு

கேள்வி: பதினாறாம் நூற்றாண்டில் அச்சான நூல்களின் தாள்கள் இன்றும் வெளுப்பாகவும் வளைந்து கொடுப்பவையாகவும் இருக்கின்றன. ஆனால் 1900-ஐ ஒட்டி அச்சான புத்தகங்களைப் புரட்டினால் தாள் ஓரம் ஓரமாக உதிர்கிறது. பழையது நிலைத்து, பிந்தியது கெட்டது எப்படி? மரக்கூழ்தான் காரணமா?

பதில்: மரக்கூழுக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் முதல் குற்றவாளி அமிலம். அந்தப் பழைய தாள்கள் லினன், பருத்திக் கந்தல்களிலிருந்து செய்யப்பட்டவை. அவற்றின் நார் ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். மை பரவாமல் இருக்க அவற்றுக்கு விலங்குத் தோல், எலும்புகளிலிருந்து எடுத்த ஜெலட்டின் பூசினார்கள். தாளை ஒவ்வொன்றாகத் தோய்த்து உலர்த்த வேண்டிய அந்த வேலைக்கு மாற்றாக, மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர் 1807-இல் ஒரு முறையை வெளியிட்டார். பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் ரோசினைக் கூழிலேயே கலந்து, அது நார்களின் மேல் படிவதற்குப் படிகாரத்தைச் சேர்ப்பதே அம்முறை. பின்னாளில் காகித ஆலைகள் படிகாரம் என்ற பெயரில் பயன்படுத்தியது அலுமினியம் சல்பேட். முகச்சவரத்துக்குப் பிறகு தடவுகிற படிகாரக்கல் அதற்கு உறவுதான் என்றாலும் அதுவே அன்று.

வினை இங்கேதான் தொடங்குகிறது. காற்றின் ஈரத்தைத் தாள் எப்போதும் ஓரளவு உறிஞ்சி வைத்திருக்கும். அந்த ஈரத்தில் அலுமினியம் சல்பேட் அமிலத்தன்மையை உண்டாக்குகிறது. குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்து நிற்கும் செல்லுலோஸ் சங்கிலியை அமிலம் இடையிடையே துண்டிக்கிறது. துண்டித்த பிறகும் அது தீர்ந்துபோவதில்லை; வினையூக்கியாக இருப்பதால் அடுத்த கண்ணியைத் துண்டிக்க அப்படியே எஞ்சி நிற்கிறது. போதாக்குறைக்கு, சிதைவிலிருந்தே ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்றவை புதிதாகப் பிறக்கின்றன. வெப்பமும் ஈரமும் கூடினால் எல்லாமே விரைவுபடும்.

மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை 1840-களில்தான் ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் கெல்லரால் உருவாயிற்று. இரண்டு மாற்றங்களும் ஒரே நூற்றாண்டில் வந்ததால் பழி முழுவதும் மரத்தின் மேல் விழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வில்லியம் பேரோ என்ற அமெரிக்க ஆவணச் சீரமைப்பாளர், பழைய புத்தகத் தாள்களின் அமிலத்தன்மையையும் வலிமையையும் வரிசையாக அளந்து, தாளின் சிதைவில் அமிலத்துக்குள்ள முதன்மையான பங்கை நிறுவினார். தாளை 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 72 மணி நேரம் வைத்து முதுமையடையச் செய்து, பிறகு எத்தனை மடிப்பு தாங்குகிறது என்று எண்ணுவது அவருடைய முறைகளில் ஒன்று. அந்த 72 மணி நேரம் இத்தனை ஆண்டுக்குச் சமம் என்ற கணக்கைப் பின்வந்தவர்கள் ஐயுற்றார்கள். அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் மடிப்புச் சோதனை இன்றும் நிற்கிறது, ஏனென்றால் சங்கிலி அறுபடுவதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். புத்தகத் தாளின் மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பாருங்கள்: நல்ல தாளில் மடிப்புக்கோடு மட்டும் விழும், அமிலம் தின்ற தாளில் இரண்டாம் மூன்றாம் மடிப்பிலேயே மூலை தனியே கையோடு வந்துவிடும். கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற புத்தகத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: செய்தித்தாள் ஜன்னலோரம் கிடந்தால் சில நாட்களிலேயே மஞ்சளாகிறதே, அதுவும் அமிலம்தானா?

பதில்: இல்லை, அது லிக்னின் செய்வது. மரத்தில் நார்களை ஒன்றோடொன்று இணைத்து விறைப்பூட்டும் பொருள் லிக்னின். செய்தித்தாளுக்கான கூழ் பெரும்பாலும் மரத்தை இயந்திரத்தால் அரைத்துச் செய்தது. மரத்தின் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் கூழாகவே கிடைத்துவிடும், அதாவது லிக்னினும் உள்ளேயே தங்கிவிடும். எழுதுதாளுக்கு மரத்தைக் காரத்திலும் சல்ஃபைடிலும் வேகவைத்து லிக்னினைக் கரைத்தெடுக்கிறார்கள். வெளுத்த பிறகு கிடைப்பது மரத்தின் எடையில் பாதியை ஒட்டியே இருக்கும். உள்ளே தங்கிய லிக்னின் ஒளியும் ஆக்ஸிஜனும் பட்டு நிறமுள்ள சேர்மங்களாக மாறுகிறது. ஆகவே மஞ்சளான தாள் வலுவாகவே இருக்கலாம். வெளுப்பான தாள் உள்ளுக்குள் அமிலத்தால் நைந்திருக்கவும் கூடும். நிறத்தை மட்டும் பார்த்து எதைப் பாதுகாப்பது என்று முடிவு செய்யும் பழக்கம் நூலகங்களில் கூட இருக்கிறது. அது சரியான வழியன்று.

கேள்வி: பல தலைமுறைக்கு வைத்திருக்க வேண்டிய ஆவணத்தை எந்தத் தாளில் அச்சிடலாம்?

பதில்: நெடுநாள் நிலைக்கும் தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 என்ற பன்னாட்டுத் தரத்துக்கு உட்பட்டது என்று பொதியில் குறித்திருக்கும் தாளில் அச்சிடுங்கள். 1994-இல் வந்த இத்தரம் தாளின் பிஎச் அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 7.5 முதல் 10 வரை இருக்க வேண்டும் என்கிறது. பின்னாளில் சேரும் அமிலத்தை ஈடுகட்ட, குறைந்தது 2 விழுக்காடு கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான காரச் சேமிப்பு தேவை. எஞ்சிய லிக்னினைக் காட்டும் காப்பா எண் 5-க்குக் கீழ் இருக்க வேண்டும். கிழிவைத் தாங்கும் திறனுக்கும் தனி வரம்பு உண்டு.

இன்றைய அச்சுத்தாள் பலவும் அமிலமற்றதாகவே இருக்கிறது. இதற்கு ஆவணங்களின் மேல் ஆலைகளுக்கு வந்த அக்கறையைக் காட்டிலும் வரவுசெலவுக் கணக்கே பெரிய காரணம் என்பேன். கால்சியம் கார்பனேட் கூழைவிட மலிவு, வெளுப்பும் கூடுதல். ஆனால் அமிலக் கூழில் அது கரைந்து நுரைத்துப் போகும். படிகாரம் இல்லாமலே மை பரவாமல் தடுக்கும் செயற்கைப் பசைப்பொருள்கள் வந்த பிறகுதான் அதைத் தாராளமாகச் சேர்க்க முடிந்தது. கையிலுள்ள தாளைச் சோதிக்க, குளோரோஃபீனால் ரெட் நிரப்பிய சோதனைப் பேனாவால் மூலையில் ஒரு கோடு இழுங்கள். கோடு ஊதாவானால் அமிலமில்லை, மஞ்சளானால் உண்டு.

கேள்வி: அப்படியானால் மறுசுழற்சித் தாளை ஆவணத்துக்கு ஒதுக்கிவிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, அளவுகோல்களை எட்டினால் மேற்சொன்ன தரம் அதையும் ஏற்கிறது. இடர் இரண்டு. பழைய செய்தித்தாள் கலந்தால் லிக்னின் திரும்பி வந்துவிடும். அடுத்து, நார் ஒவ்வொரு முறை உலரும்போதும் அதன் நுண்துளைகளில் ஒரு பகுதி நிரந்தரமாக மூடிக்கொள்கிறது. மீண்டும் நனைத்தாலும் முன்போல் உப்பி நெகிழாது. நெகிழாத நார் பக்கத்து நாரோடு ஒட்டும் பரப்பு குறைகிறது. தாளின் வலிமையோ நார்களுக்கிடையே உண்டாகும் ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பெரிதும் சார்ந்தது. அதனால்தான் ஆலைகள் பழைய நாரை மறுபடி அரைத்துத் தளர்த்துகின்றன, ஸ்டார்ச் சேர்க்கின்றன, புதுக்கூழையும் கலக்கின்றன.