பழைய லேப் இயந்திரம் வாங்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்தி வருகிறேன். ஒரு உதவியாளர் மட்டும் உண்டு. பக்கத்து ஊரில் மூடப்படும் கலர் லேப் ஒன்றின் பிரிண்ட் இயந்திரத்தை நான்கரை லட்சம் ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். படங்கள் எல்லாம் கைபேசியிலேயே தங்கிவிடும் இக்காலத்தில் அதை வாங்கலாமா? பழுதானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக எனக்கு உரிமை உண்டா?

பதில்: விலை மலிவா என்று பார்ப்பதற்கு முன், அந்த லேப் ஏன் மூடப்படுகிறது என்று விசாரியுங்கள். ரசாயனத்தில் பிரிண்ட் போடும் இயந்திரத்தில் நாள்தோறும் போதிய காகிதம் ஓடவேண்டும். ஓடாவிட்டால் தொட்டியில் கிடக்கும் ரசாயனம் கெட்டு, படத்தின் நிறம் மாறிவிடும். வேலை குறைந்த நாளிலும் செலவு வைக்கும் இயந்திரம் அது.

உங்கள் தொழிலின் மூத்த நிறுவனமான கோடாக்கின் கதையை இங்கே நினைத்துப் பார்ப்பது நல்லது. அங்கே பணியாற்றிய பொறியாளர் ஸ்டீவன் சாஸன் 1975இலேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கிவிட்டார். அது ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிக்க 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. புதிய நுட்பம் தெரியாமல் அந்நிறுவனம் வீழவில்லை. ஃபிலிம், காகிதம், ரசாயனம் ஆகியவற்றை மக்கள் திரும்பத் திரும்ப வாங்கியதில்தான் அதன் லாபம் இருந்தது. அந்தப் பழக்கம் நின்றபோது, டிஜிட்டல் கேமராக்களை ஏராளமாக விற்றும் அந்த லாபத்தை ஈடுகட்ட முடியாமல், 2012 ஜனவரியில் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது. அதே இடி ஜப்பானிய ஃபிலிம் நிறுவனமான ஃபியூஜிஃபிலிம் மீதும் விழுந்தது. ஆனால் அவர்கள் சருமத்திலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தைப் பற்றி ஃபிலிம் தயாரிப்பில் கற்ற அறிவை வைத்துச் சருமப் பராமரிப்புப் பொருள்களைக் கொண்டுவந்தார்கள். எடுத்தவுடன் கையில் படம் தரும் அவர்களுடைய இன்ஸ்டாக்ஸ் கேமராவை, கைபேசி வைத்திருக்கும் இளைஞர்களே விரும்பி வாங்குகிறார்கள்.

ஆகவே அச்சிட்ட படத்தின் மீது மக்களுக்கு உள்ள ஆசை போய்விடவில்லை, எண்ணிக்கைதான் சுருங்கியிருக்கிறது. உங்களிடம் உள்ள உண்மையான மூலதனம் ஒளியமைப்பும், அழுகிற குழந்தையைச் சிரிக்கவைக்கும் பொறுமையும், செல்லரித்த தாத்தா பாட்டி படத்தை மீட்டுத் தரும் கைத்திறனும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மூன்று மாத பிரிண்ட் ஆர்டர்களைக் கணக்கெடுங்கள். ரசாயனம் தேவைப்படாத சிறிய பிரிண்டரே அதற்குப் போதுமென்றால், இந்த இயந்திரம் வேண்டாம். பெரிய ஆல்பங்களை வெளி லேபிலேயே போட்டுக்கொள்ளலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கி, தாமே பயன்படுத்துபவருக்கு அதில் விலக்கு உண்டு. ஓரிருவரை உதவிக்கு வைத்திருப்பதால் அந்த உரிமை போய்விடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1995இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. எனவே நீங்கள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

வாங்கியே தீர்வதென்றால், இயந்திரத்தின் வயது, இதுவரை போட்ட பிரிண்ட் எண்ணிக்கை, உதிரிபாகம் கிடைக்குமா என்பது, எத்தனை மாதம் பழுது பார்த்துத் தருவார் என்பது ஆகிய அனைத்தையும் பில்லோடு எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் எழுதித் தர மறுத்தால் முன்பணம் கொடுக்க வேண்டாம்.