குகை நீரில் முக்குளித்தவர் காணாமல் போனால் தேடுதல் எப்படி நடக்கிறது?

நீர் நிறைந்த குகைக்குள் சென்றவர் திரும்பாதபோது காவல்துறை உடனே ஆட்களை இறக்காதது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுப்பு பெரும்பாலும் காவல்துறையிடம் இருந்தாலும், பாறைக்கூரை மூடிய நீருக்குள் செல்லும் பயிற்சி அதன் முக்குளிப்பாளர்கள் பலருக்கு இருப்பதில்லை. ஆகவே தேர்ந்த தன்னார்வலர்கள் வரவழைக்கப்படுகிறார்கள். அதற்குள், அவர் எத்தனை சிலிண்டர்கள் எடுத்துச் சென்றார், எவ்வழியே போவதாகச் சொன்னார், வரைபடத்தில் காற்றறைகள் (நீர் நிரம்பாமல் காற்று தங்கியிருக்கும் இடங்கள்) எங்குள்ளன என்ற விவரங்கள் திரட்டப்படுகின்றன. இந்தக் கடைசி விவரம் மிக முக்கியமானது: 2017-இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஒருவர் காற்றறையில் ஏறத்தாழ 60 மணி நேரம் தாக்குப்பிடித்து உயிருடன் மீட்கப்பட்டார்.

உள்ளே செல்வோர் வழிகாட்டிக் கயிற்றை விட்டு விலகுவதில்லை; காலில் அணிந்த துடுப்பு ஒருமுறை தவறி அசைந்தாலே வண்டல் கிளம்பி, முகத்தருகே பிடித்த அழுத்தமானிகூடத் தெரியாமல் போகும். உடல் கிடைத்தால், சிலிண்டரின் வால்வு திறந்திருந்ததா, எவ்வளவு காற்று எஞ்சியிருந்தது என்பவற்றை விசாரணைக்காகக் குறித்துக்கொள்கிறார்கள்.

2014-இல் நார்வேயின் புளூரா குகையில் இறந்த இருவரின் உடல்களை மீட்கும் முயற்சியை, ஆபத்து மிகுதி என்று அதிகாரிகள் கைவிட்டனர். பின்னர் நண்பர்களே இறங்கி அவற்றைக் கொண்டுவந்தனர். குடும்பத்தினருக்கு அந்த முடிவு எவ்வளவு கொடியது என்பதை உணர்ந்தே சொல்கிறேன், அதிகாரிகள் செய்தது சரிதான்.