பேய்க்கதை இசை: பிள்ளைகளால் முடியுமா?

கேள்வி: எங்கள் பள்ளி பேண்டில் எல்லோரும் புதிதாகக் கற்பவர்கள். பேய், பூதக் கதை இசைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். கடினமான ஸ்வரங்கள் இல்லாமல் பயமுறுத்த முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து வாசிப்பது இந்த வகை இசைக்குத்தான்.

கிளாரினெட் கற்பவர்களுக்கு முதலில் வசப்படுவது கீழ் ஸ்தாயி. அந்த இருண்ட குரலே பாதி வேலையை முடித்துவிடும். மேற்கத்திய புல்லாங்குழல்காரர்கள் வாய் வைத்து ஊதும் தலைப்பகுதியை மட்டும் கழற்றி, ஊதிக்கொண்டே அதன் திறந்த முனைக்குள் விரலை மெல்ல நுழைத்து இழுக்கட்டும். காற்று ஊளையிடுவதுபோலக் கேட்கும். ஸ்வரமே தெரிய வேண்டாம்! அப்புறம், ஒரு குழு ஸட்ஜமத்தையும் (ச) இன்னொரு குழு பிரதி மத்தியமத்தையும் (மேல் 'ம') சேர்த்துப் பிடித்தால் அரங்கமே நெளியும். எலும்புக்கூட்டுக்கு, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலோபோன்; 1874-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸ் தன் 'மரண நடனம்' என்ற இசைப் படைப்பில் எலும்புச் சத்தத்துக்கு அதைத்தான் பயன்படுத்தினார்.

எந்தப் பாடல் என்றால், என் தேர்வு நார்வே இசையமைப்பாளர் கிரீக் 1875-இல் 'பீர் கிண்ட்' நாடகத்துக்கு எழுதிய மலைப் பூத மன்னன் இசை. எளிமையாக்கிய பேண்ட் வடிவங்கள் கிடைக்கின்றன. ஒரே மெட்டு அடிக்குரலில் மெதுவாகத் தொடங்கி, திரும்பத் திரும்ப வந்து, வேகமும் சத்தமும் ஏறி வெடிக்கும். பிள்ளைகள் ஆரம்பத்திலேயே ஓடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். முதல் சில நாள் அந்த மெதுவான தொடக்கத்தை மட்டும் பயிற்சி கொடுங்கள். வேகம் தானாக வரும்.