ஸ்டூடியோவில் ஓடிய பழைய கேசட் டெக்கைச் செலவழித்துச் சரிசெய்வது லாபமா?

மூடிய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து டாஸ்காம் 122 மார்க் 2 டெக்கை மலிவாக வாங்கியிருக்கிறீர்கள். அது டேப்பைத் தின்கிறது. உள்ளூர் மெக்கானிக் ரோலரையும் ரப்பரையும் மாற்றினால் போதும் என்கிறார். இணையத்தில் பார்த்தால் எல்லாக் கண்டன்சரையும் கழற்றி எறியச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது, மொத்தத்தில் இது லாபமா என்பது உங்கள் கேள்வி.

லாபம் என்றால் பணம்தான் என்று எடுத்துக்கொண்டால், இல்லை. சரிசெய்து விற்றால் கைக்காசு திரும்பினாலே பெரிது. உங்கள் கேள்வியிலேயே அப்பாவின் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருப்பதாக ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். அந்தப் பெட்டி இல்லையென்றால் டெக்கை ஷோகேஸில் வைத்துக்கொள்ளுங்கள், பார்க்க அழகாகவே இருக்கும்.

சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் மெயின்டெனன்ஸ் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இப்போது திருச்சியில் வீட்டிலேயே ஒரு மேசை போட்டு இதைச் செய்கிறேன். எலக்ட்ரானிக்ஸில் பட்டம் கிடையாது. பட்டம் வாங்கியவர்கள் இதில் பிழை கண்டால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் டெக்கைத் திறந்து பார்த்தவர்களாக இருந்தால் நல்லது.

மெக்கானிக் சொன்னது பாதி சரி. டேப்பைத் தின்பதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, கேப்ஸ்டன் தண்டோடு சேர்ந்து டேப்பை இழுக்கும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் வயதாகி இறுகிக் கண்ணாடி போலாகியிருக்கும், அல்லது பிசுபிசுத்திருக்கும். முப்பது வருடம் ஆன ரப்பர் அப்படித்தான் இருக்கும், அதற்காகக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. இரண்டு, வந்த டேப்பைச் சுருட்ட வேண்டிய ரீலுக்கு வலு போயிருக்கும். இதை அளக்க முள் வைத்த டார்க் கேசட் உண்டு. பிளே செய்யும்போது சுருட்டும் பக்கம் பொதுவாக 35 முதல் 60 கிராம் சென்டிமீட்டர் காட்ட வேண்டும். அதற்கு வெகுவாகக் கீழே இருந்தால் புது ரோலர் போட்டும் தின்னும், மெக்கானிக் உங்களிடம் மறுபடி காசு கேட்பார்.

மூன்றாவது எதிரி கிரீஸ். தொழிற்சாலையில் பூசிய கிரீஸ் காய்ந்து கோந்தாகி, டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டை மேலே தூக்கும் லீவர்கள் பாதி வழியில் நின்றுவிடும். பழையதை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடித்து "சரியாகிவிட்டது பாருங்கள்" என்று வீடியோ போடுகிறவர்களை என்ன சொல்வது? அந்த எண்ணெய் மெதுவாகப் பரவி ரோலரிலும் ரீல் ரப்பரிலும் ஏறும், அதற்குள் வீடியோவுக்கு லைக் வாங்கியாகிவிடும். ஹெட்டையும் கேப்ஸ்டனையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ரப்பருக்கு நான் மிதமான சோப்புத் தண்ணீர்தான்.

கண்டன்சர் விஷயத்துக்கு வருகிறேன். மாற்றவே கூடாது என்று நான் சொன்னதாகக் கமெண்டில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கசிந்தது, வீங்கியது, அளந்து பார்த்துக் கெட்டது, இவற்றைக் கட்டாயம் மாற்றுங்கள். பழைய ஐரோப்பிய மெஷின்களில் மெயின்ஸ் பக்கம் வரும் காகிதக் கண்டன்சரைப் பார்த்ததும் கழற்றுங்கள், அது ஒரு நாள் வெடித்து வீடு முழுக்கப் புகையாக்கும். மற்றபடி நன்றாக இருப்பதையெல்லாம் மொத்தமாகப் பிடுங்கினால், பழைய போர்டில் செம்புத்தடம் பெயர்ந்துகொண்டு வரும். நம்மூரில் இன்னொரு தொல்லை, பெயர் போன பிராண்டின் ஸ்டிக்கர் ஒட்டிய போலிகள். எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் நல்ல கடைகளும் உண்டு, எனக்குத் தெரிந்த கடையிலேயே நான் வாங்குகிறேன். இருந்தாலும் அளக்காமல் ஒன்றைக்கூடப் போர்டில் வைப்பதில்லை.

இதெல்லாம் முடிந்து டெக் ஓடுகிறது, பாட்டு கேட்கிறது என்றால் முக்கால்வாசிப் பேர் ரிப்பேர் முடிந்தது என்கிறார்கள். எனக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. காரணத்தை ஒரு அனுபவத்தோடு சொல்கிறேன்.

திருவாரூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய அப்பா நாகசுரம் வாசித்தவர், பெரிய பெயர் எடுத்தவரில்லை, உள்ளூர்க் கோயிலில் வாசித்தவர். எண்பதுகளில் உற்சவத்தில் வாசித்ததை யாரோ ஒரு சின்ன மோனோ டேப் ரெக்கார்டரில் பேட்டரி போட்டுப் பதிவு செய்திருந்தார்கள். ஏற்கெனவே ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கி வாங்கியிருந்தார். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அப்பா பாரி நாயனம்தான் சார், ரெண்டு கட்டைக்கு மேல வாசிச்சதே இல்ல. இதுல யாரோ வேற ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கு."

பாரி என்பது தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் நீண்ட நாயனம், கட்டை என்பது சுருதியின் உயர அளவு. கேட்டேன். ஆரம்பத்திலேயே சுருதி இரண்டரைக் கட்டை. கேசட்டின் பக்கம் முடியும்போது மூன்றைத் தொடுகிறது. ஓசையும் போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி மந்தம். கடைக்காரர் அந்த மந்தத்தைப் போக்க ட்ரெபிளைக் கூட்டியிருந்தார், இரைச்சல்தான் கூடியிருந்தது.

சுருதி ஏறியதற்குக் காரணம் எளிது. பதிவு செய்யும்போது பேட்டரி இறங்கி மோட்டார் மெதுவாகியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில், அதாவது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டரில், ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும். அரைக் கட்டை ஏற ஏறக்குறைய 6 சதவீத வேக வித்தியாசம் போதும். மந்தத்துக்குக் காரணம் வேறு: அசிமத். ஹெட்டின் முகத்தில் உள்ள மெல்லிய பிளவு டேப் ஓடும் திசைக்குச் சரியான செங்குத்தில் நிற்க வேண்டும். இந்த வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பின் மேல் 4.76 மைக்ரான் நீளம்தான். ஹெட் ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு சாய்ந்தாலே இடது வலது இரண்டும் அந்த ஒலியில் எதிரெதிராகி, மோனோவாகச் சேர்க்கும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். அந்தச் சின்ன ரெக்கார்டரின் ஹெட் எப்படிச் சாய்ந்திருந்ததோ, அப்படியே நம் ஹெட்டையும் சாய்த்தால்தான் நாயனத்தின் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல், தரும் கூர்மை திரும்பி வரும்.

வேகத்தைக் கம்ப்யூட்டரில் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அசிமத் தவறி இழந்த மேல் ஓசையை எந்தச் சாஃப்ட்வேரும் கொண்டுவராது, அது உள்ளே ஏறவே இல்லை. டெக்கின் தரம் வேலை செய்யும் இடம் இதுதான். உறுதியான இழுவை, தேயாத ஹெட், சுலபமாக எட்டும் அசிமத் திருகு.

முதலில் அளவு தெரிந்த ஒலிகள் பதிந்த டெஸ்ட் டேப் போட்டு டெக்கை நியாயமான நிலைக்குக் கொண்டுவந்தேன். 3,000 ஹெர்ட்ஸ் டேப்பில் வேகம், 10,000 ஹெர்ட்ஸ் டேப்பில் அசிமத், 400 ஹெர்ட்ஸ் டேப்பில் டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் முறை) லெவல். அப்புறம் திருகின் தலையில் ஒரு குறி போட்டுவிட்டு அவருடைய கேசட்டை ஓட்டினேன். மோனோப் பதிவில் இரண்டு சேனலிலும் ஒரே சங்கதிதான் இருக்கும். ஒலி அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை வைத்தால், அசிமத் பொருந்தும்போது உப்பிய வட்டம் ஒடுங்கி ஒரே சாய்கோடாகும். திருகைக் கடிகார முள் அளவுக்கு நகர்த்தியிருப்பேன், அவ்வளவுதான். ஸ்கோப் இல்லாதவர்கள் இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து, காதுக்கு எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்தலாம்.

வேகத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் ஒரு வழி சொல்வார்கள்: பதிவில் கரண்ட் இரைச்சல் விழுந்திருந்தால் அதை 50 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவா, வேகம் சரியாகிவிடும். அவர்கள் ஊருக்கு அது பொருந்தும். நம் தென்னிந்திய கிரிட்டில் 2003க்கு முன் தேவை அதிகமான நேரங்களில் மின்சாரத்தின் அதிர்வெண் 50ல் நின்றதே இல்லை, 48 பக்கமெல்லாம் இறங்கும். அந்த இரைச்சலை நம்பி வேகத்தைத் திருத்தினால் பாகவதரின் குரலையே மாற்றிவிடுவோம். இந்தக் கேசட்டில் பேட்டரி என்பதால் அந்த இரைச்சலும் இல்லை. ஆனால் அடியில் சுருதிப் பெட்டி விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அது மாறாத ஒன்று. டெக்கை ஒரே வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்துகொண்டு, அந்தச் சுருதிப் பெட்டியை ஆரம்பம் முதல் கடைசி வரை இரண்டு கட்டையில் நிற்கும்படி கம்ப்யூட்டரில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். தவிலின் வேகமும் கூடவே சரியாகிவிட்டது. அவர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் இன்னும் கேசட் கொண்டுவந்தார்.

இதற்கு நான் வாங்கிய கூலியைச் சொன்னால் சிரிப்பீர்கள். சொந்தக்காரர்கள் அதுவும் தர மாட்டார்கள். கல்யாண வீட்டில் "இவர் ரேடியோ ரிப்பேர் பண்றவர்" என்று அறிமுகம் செய்துவிட்டு, அடுத்த நாளே வளைகாப்பு கேசட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன்: நான் குடியிருக்கும் ஃபிளாட்டின் சங்கத்தார், சால்டரிங் வாசனை வருகிறது என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதே சங்கத்தின் செயலாளர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைல்ஸ் உடைக்கிறார்கள். அதற்கு நோட்டீஸ் இல்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

சரி, உங்கள் டெக். கேசட் வேலை முடிந்ததும் அசிமத் திருகைப் போட்ட குறிக்கே கொண்டுவந்து டெஸ்ட் டேப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரெக்கார்ட் ஹெட்டும் பிளே ஹெட்டும் ஒரே உறைக்குள் இருக்கும் டெக்குகளில் இரண்டும் சேர்ந்தே சாயும், பிறகு நீங்கள் பதிவு செய்வதெல்லாம் கோணலாகும். டால்பியைப் போட்டுக் கேட்டு மந்தமாக இருந்தால் உடனே டால்பியைக் குறை சொல்லாதீர்கள், அசிமத்தும் லெவலும் தவறியிருந்தால் அது அந்தத் தவறைப் பெரிதாக்கிக் காட்டும். பழைய கேசட்டுகளில் ஹெட்டுக்கு எதிரே இருக்கும் பஞ்சுப் பட்டை பசை விட்டு விழுந்திருக்கும். அப்படியானால் டேப்பைத் திருகு போட்ட வேறு கூட்டுக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

மெக்கானிக்கிடம் பணம் கொடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: டெஸ்ட் டேப் இருக்கிறதா என்று. இல்லை என்றால் ரோலரையும் கிரீஸையும் மட்டும் அவரிடம் செய்துகொண்டு, அலைன்மென்டை வேறு ஆளிடம் பாருங்கள். ஹெட்டில் நகத்தை ஓட்டிப் பார்த்து ஆழமாகப் பள்ளம் தட்டினால், ஹெட் கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் மற்ற செலவு.

அப்புறம், இன்னும் நீங்கள் பிளக்கில் சொருகவில்லை என்றால் பின்பக்க லேபிளைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மெஷின்களில் ஜப்பான் மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120 வோல்ட். அதை நம் 230ல் நேராகச் சொருகினால் மேலே எழுதியது எதுவும் தேவைப்படாது. ஸ்டெபிலைசர் இதற்கு உதவாது, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். டெக் இழுக்கும் வாட்ஸைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்.