பாசெம் யூசுப்பும் எங்கள் ஊர்க் கட்டியகாரனும்

கேள்வி: அரசியல் நையாண்டியாளராகவும் தொலைக்காட்சித் தொகுப்பாளராகவும் இருந்தவர்களுள் உங்களை மிகவும் பாதித்தவர் யார்? அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகக் கூற முடியுமா?

எகிப்து நாட்டைச் சேர்ந்த பாசெம் யூசுப் என்பதே என் விடை. எனக்கு அரபு மொழி தெரியாது. இருந்தும் 2013 ஆம் ஆண்டில் அவருடைய நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்த்தேன். இலங்கையின் மட்டக்களப்பில் நான் கற்பித்த பாடசாலையில் காத்தான்குடியைச் சேர்ந்த ஓர் ஆசிரியர் இருந்தார். அரபு நன்கு அறிந்தவர். இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறை மூலையில் தம் கைத்தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து யூடியூப் காணொளியை ஓட விடுவார். அவர் சிரிப்பார், நான் காத்திருப்பேன், பிறகு காணொளியை நிறுத்திவிட்டு, "சேர், இப்ப அவர் என்ன சொன்னார் எண்டா..." என்று தொடங்குவார். அவர் சிரித்து ஒரு நிமிடம் கழித்தே எனக்குச் சிரிப்பு வரும். ஒரு நிமிடம் ஆறிய பிறகும் சிரிக்க வைத்த பகிடிகள் அவை.

யூசுப் 1974 மார்ச் மாதத்தில் கெய்ரோவில் பிறந்தார். கெய்ரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, இருதய சத்திரசிகிச்சை நிபுணரானார். 2011 சனவரியில் அப்போதைய ஜனாதிபதி ஹொஸ்னி முபாரக்குக்கு எதிரான எழுச்சி வெடித்தபோது தஹ்ரீர் சதுக்கத்துக்குச் சென்று காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். சதுக்கத்தில் தாம் கண்டதற்கும் அரச தொலைக்காட்சி காட்டியதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது அவரை உறுத்தியது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் குழந்தைகளுக்கான இருதய சத்திரசிகிச்சைப் பணி கிடைக்கவிருந்த அந்தக் காலத்தில், அதே ஆண்டு மார்ச் மாதம், தம் வீட்டின் சலவை அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கமரா ஆகியவற்றை வைத்து ஐந்து, ஆறு நிமிடக் காணொளிகளைத் தயாரித்து யூடியூபில் இட்டார். செலவு சுமார் 100 டொலர். பின்சுவரில் தஹ்ரீரில் எடுத்த படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. முதல் மூன்று மாதங்களில் அவை 50 இலட்சத்துக்கும் அதிகமான பார்வைகளைப் பெற்றன.

அவர் கையாண்ட முறை மிக எளிது. அரச ஊடகத்தில் ஒருவர் பேசிய துண்டை ஓட விடுவார்; அதே மனிதர் சில வாரங்களுக்கு முன்பு அதற்கு நேர்மாறாகப் பேசிய துண்டை அடுத்து ஓட விடுவார்; பிறகு கமராவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். அமெரிக்காவில் நகைச்சுவையாளர் ஜோன் ஸ்டூவர்ட் 1999 முதல் நடத்தி வந்த 'த டெய்லி ஷோ' என்ற அரசியல் நையாண்டி நிகழ்ச்சியே தமக்கு முன்மாதிரி என்பதை யூசுப் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனால் ஸ்டூவர்ட்டுக்குப் பின்னால் இரண்டு நூற்றாண்டுகளின் அரசியலமைப்பு இருந்தது, யூசுப்பின் சலவை அறைக்குப் பின்னால் எதுவும் இருக்கவில்லை.

அந்த ஆண்டின் ரமழானிலேயே ஓ.என்.டீவி அலைவரிசை அவரை அழைத்துக்கொண்டது. நிகழ்ச்சிக்கு 'அல்-பெர்னாமெக்' என்று பெயர். 'நிகழ்ச்சி' என்பதே அதன் பொருள். ஓர் உணவகத்துக்குச் 'சாப்பாட்டுக்கடை' என்று பெயர் வைத்தது போல. மற்ற அரபு நாட்டவர் பலர் 'ஜ' என்று ஒலிக்கும் எழுத்தை எகிப்தியர் 'க' என்று ஒலிப்பார்கள் என்பதையும் என் நண்பரே சொல்லித் தந்தார். இது பின்னால் தேவைப்படும். 2012 நவம்பரில் நிகழ்ச்சி சீ.பீ.சீ. அலைவரிசைக்கு மாறியது. கெய்ரோவின் நகர மையத்திலுள்ள பழைய 'ரேடியோ' திரையரங்கைப் புதுப்பித்து, நேரில் வந்த பார்வையாளர்களின் முன் பதிவு செய்தார்கள். வாரந்தோறும் 3 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று கூறப்பட்டது.

அப்போது ஆட்சியில் இருந்தவர் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பைச் சேர்ந்த ஜனாதிபதி முகம்மது முர்சி. பாகிஸ்தானில் கௌரவ கலாநிதிப் பட்டம் பெற்றபோது முர்சி அணிந்திருந்த தொப்பியைப் பல மடங்கு பெரிதாகச் செய்து, யூசுப் தம் நிகழ்ச்சியில் அணிந்தார். ஜனாதிபதியையும் இஸ்லாத்தையும் அவமதித்தார் என்ற குற்றச்சாட்டில் 2013 மார்ச் 30 இல் பிடியாணை பிறந்தது. மறுநாள் தலைமை அரச வழக்குத்தொடுநரின் அலுவலகத்துக்கு அவரே சென்றார், அதே பெரிய தொப்பியுடன். உள்ளே இருந்தபடியே ட்விட்டரில் எழுதினார்: பொலிஸாரும் வழக்கறிஞர்களும் தம்முடன் நின்று படம் எடுக்க விரும்புகிறார்களாம், ஒருவேளை அதற்காகத்தான் பிடியாணை போட்டார்களோ என்று. 15,000 எகிப்தியப் பவுண் பிணையில் வெளியே வந்தார். அந்தச் சூன் மாதத்தில் ஜோன் ஸ்டூவர்ட்டே கெய்ரோவுக்கு வந்து, பிடிபட்ட ஒற்றனைப் போலத் தலையில் கறுப்புத் துணி மூடி மேடைக்கு இழுத்துவரப்பட்டார். ஒரு பகிடியைத் தாங்க வலுவில்லாத ஆட்சி ஆட்சியே இல்லை என்ற பொருளில் அவர் பேசியபோது அரங்கம் அதிர்ந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கூத்தைப் பற்றிக் கூறாவிட்டால், நான் ஏன் இந்த மனிதரைத் தேர்ந்தேன் என்பது விளங்காது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், எங்கள் கூத்து மரபுகளுள் ஒன்றான வடமோடிக் கூத்து, வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் விடிய விடிய நடக்கும். அரசன் கொலுவுக்கு வருமுன் கட்டியகாரன் வந்து வரவை அறிவிப்பான். ஏட்டில் அவனுக்கு எழுதியிருப்பது சில வரிகள்தான். ஆனால் மத்தளமும் சல்லரியும் ஓயும் இடைவெளியில் அவன் சொந்தமாக எதையும் சொல்லலாம், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் தடுக்க மாட்டார். என் பெரியப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேடம் கட்டியவர். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து அரசாங்கம் எங்கள் வயல்களைப் பட்டினி போட்டதே, அந்தப் பெரும்போக அறுவடைக்குப் பின் நடந்த கூத்தில் அவர் களரிக்குள் வந்து கோலைத் தட்டி, "ராசா வாறார், எல்லாரும் எழும்புங்க! பசளை வரல்ல, அத மட்டும் கேக்காதீங்க!" என்றார். பாயில் உறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சனம் சிரித்தது. அந்த ராசா, அதாவது ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, சில மாதங்களில் நாட்டை விட்டே ஓடினார் என்பது பெரியப்பாவின் கணக்கில் சேராது. ஊருக்குள் அவருக்கே அந்தப் புகழைக் கொடுத்தவர்களும் உண்டு.

யூசுப்பின் வாழ்க்கையில் முக்கியமான பகுதி முர்சியின் காலம் என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது 2013 சூலைக்குப் பிறகு தொடங்குவதாகத் தோன்றுகிறது. சூலை 3 இல் இராணுவம் முர்சியை அகற்றியது. ஆகஸ்ட் 14 இல் கெய்ரோவின் ராபியா சதுக்கத்தில் கூடியிருந்த முர்சி ஆதரவாளர்களைப் பாதுகாப்புப் படைகள் கலைத்தபோது நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அப்போது யூசுப்பின் நிகழ்ச்சி ஒளிபரப்பில் இருக்கவில்லை. முர்சியின் வீழ்ச்சியை வரவேற்றவர்களுள் அவரும் ஒருவர் என்பதால், ஓராண்டாக முர்சி தரப்பினரைச் சிரிப்புக்குரியவர்களாக்கிய நிகழ்ச்சிக்கு அவர்கள் கொல்லப்பட்ட நாட்களில் ஊர் காட்டிய அலட்சியத்தில் ஏதேனும் பங்கு உண்டா என்ற கேள்வியை அவருடைய இரசிகனாகிய நானும் தவிர்க்க முடியவில்லை. சிரிப்பு ஒரு மனிதனைச் சிறியவனாக்கும். சிறியவனானவனைப் பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பது சிரிக்க வைத்தவரின் கையில் இல்லை.

அக்டோபர் 25 இல் நிகழ்ச்சி திரும்பியது. நாடு முழுவதும், முர்சியை அகற்றிய இராணுவத்தின் தளபதி ஜெனரல் சிசியின் முகம் பொறித்த சொக்லேட்டுகள் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. சிசியை நேரடியாகத் தாக்காமல், அவர்மீது மக்கள் கொண்ட மோகத்தையே யூசுப் எடுத்துக்கொண்டார். ஒரு காட்சியில் அவர் இனிப்புக் கடைக்குச் சென்று அந்தச் சொக்லேட்டில் சிறிதளவு கேட்கிறார். கடைக்காரர் பார்க்கும் பார்வையில் பயந்து, கூடுதலாகவே வாங்கிச் செல்கிறார். இன்னொரு காட்சியில் 'கமாஹீர்' என்ற பெண் தொலைபேசியில் அழைத்து, கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தன்னை மீட்ட ஓர் அதிகாரியின் மேல் தான் காதல் கொண்ட கதையைச் சொல்கிறாள். நண்பர் காணொளியை நிறுத்தி, "ஜமாஹீர் எண்டா மக்கள் திரள், சேர். அவர் இப்ப சனத்தையே பகிடி பண்றார்" என்றார். வழக்கமான சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. "இது சரிவராது" என்று மட்டும் கூறினார்.

அவர் கூறியபடியே நடந்தது. முர்சியைப் பகிடி செய்தபோது கைதட்டியவர்களுள் பலர் இப்போது முறைப்பாடு எழுதினார்கள். திரையரங்குக்கு வெளியே கூட்டம் கூடி எதிர்ப்புக் காட்டியது. நவம்பர் 1 இல் இரண்டாவது நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன்பு சீ.பீ.சீ. அதை இடைநிறுத்தியது. முர்சியின் ஆட்சி வழக்குத் தொடுத்தும் நிறுத்த முடியாத நிகழ்ச்சி, புதிய சூழலில் ஒரே ஒரு ஒளிபரப்புடன் நின்றது. நையாண்டி செய்பவருக்கான உரிமத்தை அரசு கொடுப்பதாகவே நாம் நினைக்கிறோம். அதைக் கொடுப்பது பெரும்பாலும் எதிரில் அமர்ந்திருக்கும் சனம், பறிப்பதும் பல வேளைகளில் அதே சனந்தான்.

பெரியப்பாவுக்கும் இது நேர்ந்தது. பசளைப் பகிடிக்கு அடுத்த ஆண்டு, அதே களரியில், ஊர்க் கோயில் திருப்பணிக் கணக்கைப் பற்றி ஒரே ஒரு வரி சொன்னார். கொழும்பிலுள்ள ராசாவைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள் திறக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் தோளிலிருந்த சால்வையை உதறி எழுந்தார். மத்தளகாரர் நிலைமையை உணர்ந்து அரசன் வரவுத் தாளத்தை முன்கூட்டியே தொடங்கிவிட்டார். அதற்கடுத்த கூத்துக்குப் பெரியப்பாவை யாரும் அழைக்கவில்லை. வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். அவருக்குப் பின் அந்த வேடம் கட்டியவர் அவரைவிட இரண்டு வயது மூத்தவர்.

ஆயினும் எல்லாவற்றையும் சனத்தின் தலையில் கட்டிவிடுவது நியாயமாகாது. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 இல் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கள் மண்ணின் மைந்தர் தர்மரத்தினம் சிவராம் அடுத்த ஆண்டு ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அவர்கள் பகிடி எழுதவில்லை, அரசியல் எழுதினார்கள். 2023 மே மாதத்தில், நகைச்சுவை மேடையில் பேசியதற்காக ஒரு சிங்களப் பெண் கலைஞர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டு, ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் சில வாரங்கள் விளக்கமறியலில் இருந்தார். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த 2007 இல் இயற்றப்பட்டு, வெறுப்புப் பேச்சைத் தடுக்கும் பிரிவையும் கொண்ட சட்டம் அது.

யூசுப்பின் எஞ்சிய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2014 பெப்ரவரியில் எம்.பீ.சீ. மஸ்ர் அலைவரிசையில் மீண்டும் தோன்றினார். அந்த மாதத்தில்தான் எயிட்ஸையும் ஹெப்படைட்டிஸ் சி நோயையும் குணமாக்கும் கருவியைக் கண்டுபிடித்துவிட்டதாக எகிப்து இராணுவம் அறிவித்தது. நோயாளியிடமிருந்து எயிட்ஸை எடுத்து, கொஃப்தா உருண்டையாக்கி அவருக்கே உண்ணக் கொடுப்பதாக அதன் பொறுப்பாளர் விளக்கம் வேறு கூறினார். ஒரு மருத்துவ நையாண்டியாளருக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடைக்குமா? மே மாத இறுதியில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் சிசி 96 வீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றார். சூன் 2 இல் யூசுப் செய்தியாளர்களை அழைத்து, தமக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பில்லை என்ற நிலையில் நிகழ்ச்சியை முடித்துக்கொள்வதாகக் கூறினார். பின்னர் சீ.பீ.சீ.யுடனான ஒப்பந்த வழக்கில் நடுவர் மன்றம் அவருக்கு எதிராக 10 கோடி எகிப்தியப் பவுண் விதித்தது. 2014 நவம்பரில் நாட்டை விட்டு வெளியேறினார். அமெரிக்காவில் குடியேறி, நாற்பது வயதுக்குப் பிறகு ஆங்கிலத்தில் மேடை நகைச்சுவை செய்யப் பழகினார். தாய்மொழியில் 3 கோடிப் பேரைச் சிரிக்க வைத்தவர், வேற்று மொழியில் ஒரு சிறு அரங்கின் முன் தடுமாறத் தொடங்குவது எத்தகைய இறக்கம் என்பதை, வெளிநாடு சென்று கடை நடத்தும் எங்கள் ஊர்ப் பட்டதாரிகளைக் கேட்டால் தெரியும்.

2023 அக்டோபரில் காஸாவில் யுத்தம் தொடங்கிய நாட்களில் பியர்ஸ் மோர்கன் என்ற பிரித்தானியத் தொகுப்பாளரின் நிகழ்ச்சியில் யூசுப் தோன்றினார். மனைவியின் உறவினர்கள் காஸாவில் இருந்தார்கள். தம் மனைவியைக் கொல்லத் தாமும் முயல்வதாகவும், அவள் பிள்ளைகளை மனிதக் கேடயமாகப் பயன்படுத்துவதால் ஒவ்வொரு முறையும் முடியாமல் போகிறது என்றும் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் கூறினார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நண்பரும் நானும் மீண்டும் ஒரே கைத்தொலைபேசியின் முன் அமர்ந்திருந்தோம், இம்முறை காத்தான்குடியில் அவர் வீட்டு விறாந்தையில். பேச்சு ஆங்கிலத்தில் இருந்ததால் காணொளியை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. 'மனிதக் கேடயம்' என்ற சொல்லை, எங்கள் நாட்டுப் போரின் இறுதிக் காலமான 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் வானொலியில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ண முடியாது. அன்று நான்தான் முதலில் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று அவர் கேட்கவில்லை.