அரச மடாலயத்தில் ஓர் இரவு: கூடுதல் காசு எதற்கு?

கேள்வி: மகன் பிரான்சில் தூர் நகரில் படிக்கிறான். செப்டம்பரில் நானும் கணவரும் போகிறோம். ஃபோந்தெவ்ரோ அரச மடாலயத்தைப் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி அங்கேயே தங்க ஆசை. வளாகத்துக்குள் இருக்கும் ஹோட்டலில் வாடகை, பக்கத்து ஊர் அறைகளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காட்டுகிறது. கொடுக்கலாமா? முன்பணம் கட்டிவிட்டுப் போக முடியாமல் போனால் திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ராஜா ராணி இருந்த அறையில் நாமும் படுக்கலாம் என்ற எண்ணத்தில் பணம் கட்டாதீர்கள். அந்த ஹோட்டல் இருப்பது பெரிய மடத்தில் இல்லை. அதே மதிலுக்குள் சற்றுத் தள்ளி இருக்கும் சேன் லசார் என்ற சிறு மடத்தில். தொழுநோயாளிகளைப் பராமரிக்க 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. அறைகள் இன்றைய பாணியில் எளிமையாக இருக்கும். திரைச்சீலையும் தங்க முலாமும் எதிர்பார்த்தால் கிடைக்காது.

சொல்லப்போனால், இங்கிலாந்து ராஜாக்கள் ஃபோந்தெவ்ரோவில் நிரந்தரமாகத் தங்கியது கல்லறையில்தான். இரண்டாம் ஹென்றி 1189-இல் பக்கத்திலிருக்கும் ஷினோன் கோட்டையில் இறந்தார், இங்கே அடக்கம் செய்தார்கள். பத்து வருஷம் கழித்து மகன் ரிச்சர்டு. அவருடைய இதயம் ரூவான் நகருக்குப் போனது, உடல் அப்பாவிடம் வந்தது. 1204-இல் ஹென்றியின் மனைவி எலினோர். தேவாலயத்தில் நான்கு சிலைகள் படுத்திருக்கின்றன. மூன்று சுண்ணாம்புக் கல், ஒன்று மரம். எலினோர் மட்டும் கையில் புத்தகத்தை விரித்தபடி படுத்திருக்கிறார். கணவர் பதினைந்து வருஷத்துக்கு மேல் காவலில் வைத்திருந்த மனைவி, இன்று அவருக்குப் பக்கத்தில் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருக்கிறார்! சிலைகள்தான் இருக்கின்றன, எலும்புகள் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தோடு போய்விட்டன.

மடத்தை 1101-இல் தொடங்கியவர் ரோபேர் தார்ப்ரிசெல்; ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். கன்னியரும் ஆண் துறவிகளும் ஒரே வளாகத்தில், ஆனால் எல்லாருக்கும் மேலே ஒரு பெண். புரட்சி வரை அப்படியே நடந்தது. தலைவிகளில் பலர் அரச குடும்பத்துப் பெண்கள். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் கடைசி நான்கு மகள்களை 1738-இல் இங்கே வளர அனுப்பியதற்குக் காரணம், அரண்மனைச் செலவை மிச்சம் பிடிப்பதுதான். கன்னியர் 1792-இல் வெளியேற, நெப்போலியன் 1804-இல் அதைச் சிறையாக்கினார். தேவாலயத்தின் நடுக்கூடத்தையே மாடி மாடியாகப் பிரித்துக் கைதிகளைப் படுக்க வைத்தார்கள். சிறை மூடியது 1963-இல். அரச மடம் என்று விளம்பரம் சொல்லும்; சிறை என்று சொல்லாது. எனக்கு அந்தப் பகுதிதான் சுவாரஸ்யம்.

சரி, காசுக்கு வருவோம். உள்ளே தங்குவதில் உண்மையான லாபம் ஒன்று உண்டு: பகல் கூட்டம் போன பிறகு வளாகத்தில் நடப்பது. அதற்காகத்தான் கூடுதல் பணம். ஆகவே கட்டும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: மடாலய நுழைவுக் கட்டணம் வாடகையில் அடக்கமா, மாலையில் எந்தெந்த இடங்கள் திறந்திருக்கும், காலைச் சாப்பாடு சேர்ந்ததா. பதில் எழுத்தில் வரட்டும். மாலை நடையில் ஆர்வம் இல்லையென்றால் உள்ளே தங்க வேண்டியதே இல்லை.

வெளியே என்றால் நான் பார்ப்பது ஷாம்ப்ர் தோத், அதாவது வீட்டுக்காரரே தன் வீட்டில் விடும் அறை. பிரெஞ்சுச் சட்டப்படி அதிகபட்சம் 5 அறைகள்தான். காலைச் சாப்பாடும் படுக்கை விரிப்பும் வாடகையிலேயே அடக்கம். ஜீத் என்கிற தனி வீட்டில் அப்படி இல்லை. விரிப்பு, துண்டு, சுத்தம் செய்யும் கூலி தனித்தனியாக ஏறி, மலிவாகத் தெரிந்தது மலிவாக இருக்காது. அந்தப் பக்கம் பாறையைக் குடைந்த குகை அறைகளும் கிடைக்கும். பார்க்க அழகு, ஆனால் ஈரமும் குளிரும் ஒத்துக்கொள்ளாதவர்கள் யோசிக்கவும். எங்கே தங்கினாலும் தலைக்கு, ராத்திரிக்கு என்று ஒரு சுற்றுலா வரி உண்டு; 18 வயதுக்குக் கீழே கிடையாது. இணையத்தில் காட்டும் விலையில் அது சேராமல் இருக்கலாம்.

முன்பணம்தான் முக்கியம். ஆன்லைனில் வாங்கினால் 14 நாளில் திருப்பிக்கொள்ளலாம் என்ற ஐரோப்பிய உரிமை, தேதி குறித்துப் போடும் அறைக்குச் செல்லாது. ரசீதில் 'ஆர்' (arrhes) என்றிருந்தால், நீங்கள் ரத்து செய்தால் அந்தத் தொகை போகும். அவர்கள் ரத்து செய்தால் இரண்டு மடங்காகத் திருப்ப வேண்டும். 'அக்கோந்த்' (acompte) என்றிருந்தால் இரு தரப்பும் கட்டுப்பட்டதாக அர்த்தம். விலகினால் முழு வாடகையும் கேட்கலாம். உங்களுக்கு விசா இன்னும் கையில் வரவில்லையென்றால் இரண்டுமே வேண்டாம். கொஞ்சம் விலை கூடினாலும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையைப் போடுங்கள். தங்குமிடச் சான்றாக அதையே விசாவுக்குக் காட்டலாம். கார்டு தேய்க்கும்போது ரூபாயா யூரோவா என்று இயந்திரம் கேட்டால் யூரோ.

கேள்வி: கார் இல்லாமல் போக முடியுமா? நாங்கள் சுத்த சைவம்.
- அதே வாசகி

பதில்: தூரிலிருந்து ரயிலில் சோமூர். அங்கிருந்து மடாலயம் சுமார் 15 கிலோமீட்டர், பேருந்து குறைவு. நேரம் பார்க்காமல் கிராமத்தில் அறை போட்டால் டாக்ஸிக்கு அழ வேண்டும். அப்படியானால் சோமூரிலேயே தங்கி, பகலில் போய் வருவது மேல். சாப்பாட்டை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். முட்டை, மீன் இரண்டும் கூடாது என்று தனியாகக் குறிப்பிடுங்கள். கிராமத்து உணவகங்களில் மதியம் 2 மணி தாண்டினால் அடுப்பு அணைந்துவிடும், ஞாயிறு, திங்களில் பல கடைகள் மூடியிருக்கும். மகனைக் கொஞ்சம் புளிசாதம் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.